நெட்வொர்க் கேபிளில் மின்சாரம் விட்டால் கணினி கருகுமா?

சிங்கப்பூரின் தெங்காவில் புது பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்தபின் அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடு) சாவி வாங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். நடைவழிக் கூரையில் ஒன்று, பெரிய படுக்கையறையில் ஒன்று என இரண்டு வைஃபை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலையைப் பரப்பும் கருவி), வாசலைப் பார்த்து ஒரு கேமரா, கதவருகே காணொளி அழைப்புமணி: இவைதான் அவர் தேவை. ஒவ்வோர் இடத்துக்கும் தனி பிளக் பாயின்ட் போட வேண்டும் என்று வீட்டுப் புதுப்பிப்பு வேலை எடுத்த குத்தகையாளர் விலை சொல்கிறார். பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) சுவிட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள்களை இணைத்து அவற்றில் மின்சாரமும் அனுப்பும் பெட்டி, வாங்கிவிட்டால் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் போய்விடும், பிளக்கே வேண்டாம் என்கிறார் நண்பர். கப்பல் பட்டறையில் மின்பணி பார்த்து ஓய்வுபெற்ற மாமனாரோ, தரவு போகிற கம்பியில் 50 வோல்ட்டை விட்டால் மடிக்கணினி கருகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நண்பர் சொல்வதுபோல் செய்யுங்கள். ஆனால் மாமனாரின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பொருள் வாங்குங்கள். அவர் அஞ்சும் விபத்து கற்பனை அல்ல. தரநிலைப்படி செய்த கருவிகளில் அது நடக்காது. தரநிலையை மதிக்காத மலிவுக் கருவிகளில் நடக்கும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் கடையில் எதைக் கையில் எடுப்பது, எதைத் தொடாமல் வருவது என்பது தானே தெளிவாகிவிடும்.

முதலில், தரநிலைப்படியான சுவிட்ச் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். கேபிளைச் செருகியவுடன் அது 50 வோல்ட்டைத் திறந்துவிடுவதில்லை. 10 வோல்ட்டுக்கு மேல் போகாத சிறு மின்னழுத்தத்தை இருவேறு அளவுகளில் கொடுத்து, எதிர்முனையில் எவ்வளவு மின்தடை இருக்கிறது என்று அளந்து பார்க்கிறது. பிஓஇ வாங்கக்கூடிய ஒவ்வொரு சாதனத்திலும் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை அடையாளமாக வைக்கப்பட்டிருக்கும். அந்த அளவு தென்பட்டால்தான் அடுத்த கட்டம். மடிக்கணினி, பிரிண்டர், பழைய தொலைக்காட்சி எதிலும் அந்த அடையாளம் இராது. எனவே சுவிட்ச் தரவை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். அடையாளம் தெரிந்தால் மின்னழுத்தம் 15 முதல் 20 வோல்ட் வரை ஏறும். அப்போது சாதனம் இழுக்கும் மின்னோட்டத்தைக் கொண்டு அது எந்த வகுப்பைச் சேர்ந்தது, அதாவது எவ்வளவு வாட் கேட்கும் என்று சுவிட்ச் தெரிந்துகொள்கிறது. அதன் பிறகே முழு மின்னழுத்தம். இத்தனையும் ஓரிரு விநாடியில் முடிந்துவிடும்.

கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் மாமனார் கேட்பார், கேட்க வேண்டும். மின்சாரம் வாங்கும் சாதனம் குறைந்தபட்ச மின்னோட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. அது அரை விநாடிகூட நின்றுபோனால் சுவிட்ச் அந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி சோதனையிலிருந்து தொடங்கும். ஆகவே கேமராவைக் கழற்றிய கையோடு அதே கேபிளில் மடிக்கணினியைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது.

ஒரே செம்புக் கம்பியில் தரவும் மின்சாரமும் ஒன்றையொன்று கெடுக்காமல் எப்படிப் போகின்றன? கேபிளுக்குள் நான்கு முறுக்கிய இணைகள் உள்ளன. தரவு என்பது ஓர் இணையின் இரு கம்பிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. மின்சாரமோ அந்த இரு கம்பிகளிலும் சம அளவில், ஒரே திசையில் போய், வேறோர் இணை வழியாகத் திரும்பி வருகிறது. இரு கம்பிகளிலும் சமமாக இருப்பதால் வேறுபாட்டை மட்டும் பார்க்கும் தரவுப் பகுதிக்கு அது கண்ணிலேயே படாது. ஈதர்நெட் போர்ட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் சிறு மின்மாற்றிகளின் நடு முனையிலிருந்து மின்சாரத்தை ஏற்றுவார்கள், மறுமுனையில் அதே நடு முனையிலிருந்து இறக்குவார்கள். தொலைபேசிக்காரர்களுக்கு இது மிகப் பழைய வித்தை. 48 வோல்ட் என்ற அளவே தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து வந்ததுதான். வீட்டில் கரண்ட் போனாலும் அந்தக் காலத்து மேசைத் தொலைபேசி வேலை செய்ததற்குக் காரணம் அந்த மின்கலங்களே. 2000ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் இணையத் தொலைபேசிகளுக்குத் தன் சொந்த முறையில் கேபிள் வழி மின்சாரம் கொடுத்தது. எல்லாருக்கும் பொதுவான தரநிலை 2003இல் வந்தது.

ஏன் 12 வோல்ட் கொடுக்கக் கூடாது, அது இன்னும் பாதுகாப்பு அல்லவா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வாட் வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். கம்பியில் வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறும். 100 மீட்டர் கேபிளின் போக்குவரவு மின்தடை 12.5 ஓம் என்று வைத்தால், 25 வாட்டைக் கொண்டுசேர்க்க 50 வாட்டுக்கு மேல் கம்பியிலேயே தொலைக்க வேண்டிவரும். உண்மையில் கொண்டுசேர்க்கவே முடியாது. அதனால்தான் 50 வோல்ட்டை ஒட்டி வைத்தார்கள். 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதால் உலர்ந்த கை பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்ற பேச்சு எழாது. சுவரிலுள்ள 230 வோல்ட்டோடு இதை ஒரே தட்டில் வைத்து அஞ்ச வேண்டாம்.

இனி வாட் கணக்கு. பெட்டிகளில் அச்சடிப்பதற்கும் சாதனத்துக்குப் போய்ச் சேருவதற்கும் வேறுபாடு உண்டு. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலையில் சுவிட்ச் தருவது 15.4 வாட், சாதனத்துக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 0.35 ஆம்பியர், 20 ஓம் மின்தடை; 0.35ஐ 0.35ஆல் பெருக்கி 20ஆல் பெருக்கினால் 2.45. 15.4இலிருந்து 2.45ஐக் கழித்தால் 12.95. அவ்வளவுதான். 2009இல் வந்த 802.3ஏடியில் 0.6 ஆம்பியர், 12.5 ஓம், இழப்பு 4.5 வாட். 30 வாட் புறப்பட்டு 25.5 போய்ச் சேருகிறது. 2018இன் 802.3பிடி நான்கு இணைகளையும் பயன்படுத்தி 60 வாட் அல்லது 90 வாட் கொடுக்கிறது. மறுமுனையில் 51, 71.3. கடைகளில் இவற்றை பிஓஇ, பிஓஇ பிளஸ், பிஓஇ பிளஸ் பிளஸ் என்பார்கள். கடைசிப் பெயர் 60 வாட்டுக்கும் ஒட்டப்படுகிறது, 90 வாட்டுக்கும் ஒட்டப்படுகிறது. பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

இந்த இழப்புகளெல்லாம் 100 மீட்டருக்கானவை. நான்கறை வீட்டில் எந்தக் கேபிளும் 20 மீட்டரைத் தாண்டுவது அரிது. 15 மீட்டர் நல்ல கேபிளில் மின்தடை ஒன்றரை ஓமுக்குள் அடங்கும், முழு 0.6 ஆம்பியர் ஓடினாலும் அரை வாட்தான் போகும். வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. கேபிளின் தரம்தான் பிரச்சினை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமனார் அஞ்சும் விபத்து எது என்று சொல்லிவிடுகிறேன். சந்தையில் ‘பேசிவ் பிஓஇ’ என்று ஒரு வகை உண்டு. பெரும்பாலும் 24 வோல்ட், சிலவற்றில் 48 வோல்ட் கொடுக்கும் சிறு கறுப்புப் பெட்டி. அதற்கு மேலே சொன்ன சோதனை எதுவும் கிடையாது. பிளக்கைப் போட்ட கணத்திலிருந்து கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், எதிரே என்ன இருந்தாலும் சரி. வெளிப்புற வைஃபை கருவிகள் சிலவற்றோடு அந்தக் கருவிக்கென்றே செய்த பெட்டி வரும். அதை அதற்கு மட்டும் பயன்படுத்தினால் குறையில்லை. பிரச்சினை, அந்தப் பெட்டி மட்டும் தனியாகக் கைமாறும்போதுதான். சாதாரண ஈதர்நெட் போர்ட்டுகள் பலவற்றில், மின்மாற்றியின் நடு முனைகளில் 75 ஓம் மின்தடையங்கள் இருக்கும். இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்தவை. இரண்டு இணைகளுக்கு நடுவே 48 வோல்ட் வந்தால் அந்த இரண்டு மின்தடையங்கள் வழியாக 15 வாட் பாயும். அரிசி மணியைவிடச் சிறிய மின்தடையம் அதைத் தாங்குமா? புகை வரும், போர்ட் போய்விடும். 24 வோல்ட்டிலேயே கிட்டத்தட்ட 4 வாட், அதுவும் தாங்காது. தரநிலைப்படியான சுவிட்ச் இதே போர்ட்டைச் சோதிக்கும்போது 25 கிலோ ஓமுக்குப் பதில் 150 ஓமைப் பார்த்துவிட்டு மின்சாரமே கொடுக்காது.

ஆகவே விதி எளிது. பெட்டியின் மேல் 802.3ஏஎஃப், ஏடி, பிடி ஆகிய மூன்றில் ஒன்று எழுதியிருக்க வேண்டும். “பிஓஇ 24வி” என்றோ “பிஓஇ 48வி” என்றோ வோல்ட்டை மட்டும் எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். பழைய பொருள் வாங்குபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். நெட்வொர்க் போர்ட்டில் செருகி 12 வோல்ட் வெளியே எடுக்கும் மலிவான பிரிப்பான் கம்பிகளும் இப்படித்தான்: உள்ளே சில்லு இருப்பவை தரநிலைப்படி பேசும், வெறும் கம்பியாக இருப்பவை பேசாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கேபிளுக்கு வருவோம். புதுப்பிப்பு வேலைகளில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது இதுதான். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி, சிசிஏ என்று சொல்வார்கள், கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் தர வகை) என்ற அச்சோடு பெட்டி பெட்டியாக விற்கிறது. மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதாவது ஒன்றரை மடங்கு இழப்பு, ஒன்றரை மடங்கு சூடு. அதைவிட மோசம், அது எளிதில் முறிகிறது. சாக்கெட்டில் பதித்த இடத்தில் நாளடைவில் அலுமினியம் ஆக்சைடு படிந்து தொடர்பு கெடுகிறது. இன்று வேலை செய்யும், இரண்டு ஆண்டு கழித்து இரவில் மட்டும் கேமரா அணைந்து அணைந்து எரியும். அப்போது நீங்கள் கேமராவை மாற்றுவீர்கள், சுவிட்சை மாற்றுவீர்கள். பொய்க்கூரைக்குள் இருக்கும் கேபிளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கட்டடக் கேபிளுக்கான பன்னாட்டுத் தரநிலைகள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன. சிசிஏ கேபிள் கேட் 6 என்று சொல்லிக்கொள்ளவே தகுதியில்லாதது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கம்பியின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் அலுமினியம். லைட்டர் நெருப்பில் நுனியைக் காட்டினால் அலுமினியம் சுருங்கி உதிரும்; செம்பு சிவந்து நிற்கும். முழுச் சுருளைத் தூக்கிப் பார்த்தாலே கைக்குத் தெரியும், அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குதான். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் நாளில் நடை தூரத்தில் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கு ஒரு நடை போய் வாருங்கள். கேபிள், சாக்கெட், சோதனைக் கருவி எல்லாம் விற்கும் சிறு கடைகள் அங்கே உண்டு. முழுச் செம்பு, 23 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்), கேட் 6 என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்காரர் ஒரு நொடி தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

கம்பளத்துக்கு அடியில் விடலாம் என்று விற்கும் தட்டைக் கேபிளைத் தரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிஓஇக்கு வேண்டாம். அதன் கம்பி மிக மெல்லியது. இன்னொன்று: மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகும் பழக்கம் நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் சிறு தீப்பொறி தொடுமுனையை அரிக்கும். எப்போதாவது ஒரு முறை என்றால் கவலையில்லை.

உங்கள் வீட்டுக்கான கணக்கைப் பார்ப்போம். கண்ணாடியிழை முனையமும் அறைகளுக்குப் போகும் டேட்டா கேபிள்களும் வாசலருகே டிபி (மின்விநியோகப் பலகை) அலமாரியில் வந்து முடிவதாக எழுதியிருக்கிறீர்கள். மிக நல்லது, அதுவே சுவிட்சுக்கு இடம். படுக்கையறைக்கு ஏற்கெனவே கேபிள் இருப்பதால் அந்த ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் புதிதாக எதுவும் இழுக்க வேண்டாம். சுவர் டேட்டா பாயின்ட்டிலேயே பொருத்தும் வகை வாங்கினால் கூரையைத் தொடவே வேண்டாம். நடைவழிக்கும் வாசலுக்கும்தான் புதுக் கேபிள். குண்டுவீச்சிலிருந்து காக்கக் கட்டிய பாதுகாப்பறையின் கான்கிரீட் சுவர் வைஃபை அலையை விழுங்கிவிடும், ஆகவே நடைவழி ஆக்சஸ் பாயின்ட்டை அந்தச் சுவரின் மறைவில் வைக்காதீர்கள். குறுக்குவழி என்று அந்தச் சுவரைத் துளைத்துக் கேபிள் நுழைக்கவும் கூடாது. அது குடிமைத் தற்காப்பு விதிகளுக்கு உட்பட்ட சுவர். டிரங்கிங் (கேபிளை மூடிச் செல்லும் குழாய்) போட்டுச் சுற்றிக்கொண்டு போங்கள்.

சுவிட்சில் எத்தனை போர்ட் என்பதைவிட மொத்தம் எத்தனை வாட் என்பதுதான் முக்கியம். எட்டு போர்ட்டிலும் 30 வாட் என்று விளம்பரம் இருக்கும்; கீழே சிறிய எழுத்தில் மொத்தம் 60 வாட் என்று இருக்கும். இன்றைய வைஃபை 6, வைஃபை 7 ஆக்சஸ் பாயின்ட்டுகள் பல 802.3ஏடி கேட்பவை. பழைய ஏஎஃப் சுவிட்சில் மாட்டினால் சில எரியவே எரியாது. சில எரியும், ஆனால் அலைவலிமையைக் குறைத்துக்கொண்டு ஓடும். வாங்கியவர் வைஃபை மந்தம் என்று நிறுவனத்தைத் திட்டுவார். உங்கள் இரண்டுக்கும் தலா 30, கேமராவுக்கு 15.4, அழைப்புமணிக்கு 15.4, வகுப்புப்படி ஒதுக்கினால் 90.8 வாட். உண்மையில் இவை இதில் பாதிகூட இழுக்காமல் இருக்கலாம். ஆனால் சில சுவிட்சுகள் வகுப்புக்குரிய முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும். அவற்றில் 60 வாட் சுவிட்ச் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டோடு கதவைச் சாத்திவிடும். வேறு சில, உண்மையில் இழுக்கும் அளவைப் பார்த்து இடம் கொடுக்கும். அவற்றில் பகலெல்லாம் சரியாக ஓடி, இரவு கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் மொத்தம் எல்லையைத் தாண்டி, கடைசிப் போர்ட் அணைந்துபோகும். பெரும்பாலும் எண் குறைந்த போர்ட்டுக்கே முன்னுரிமை, அதனால் கேமராவை முதல் போர்ட்டில் மாட்டுங்கள். என் பரிந்துரை: எட்டு போர்ட், 802.3ஏடி, மொத்தம் 120 வாட், காற்றாடி இல்லாதது. 90 வாட் போர்ட்டுகளுக்கு நீங்கள் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. அது சுழலும் பெரிய கேமராக்களுக்கும் திரைகளுக்கும் ஆனது.

டிபி அலமாரிக் கதவில் காற்று புகத் துளைகள் இருக்கட்டும். 32 டிகிரி மதிய வெயிலில், மூடிய அலமாரிக்குள், சுவிட்ச், ரூட்டர், கண்ணாடியிழைப் பெட்டி மூன்றும் சேர்ந்து வெந்தால் முதலில் போவது அவற்றின் மின்கொள்ளளவிகள். தச்சர் அழகுக்காக இறுக்கமாக மூடித்தருவார், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு சாதனத்துக்கு மட்டும் வேண்டும் என்பவர்கள் சுவிட்ச் வாங்க வேண்டாம், தரநிலைப்படியான இன்ஜெக்டர் (ஒரு கேபிளில் மட்டும் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டி) ஒன்று போதும். ஆனால் அதன் வேகத்தைப் பாருங்கள். பழைய 100 மெகாபிட் இன்ஜெக்டரை நடுவில் வைத்தால் உங்கள் ஆக்சஸ் பாயின்ட்டும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

வாசல் கேமராவை உங்கள் வீட்டுக்குள்ளேயே பொருத்துவது சிக்கலில்லாதது. வெளியே பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்து வைப்பதற்கு முன்பு அனுமதி வேண்டியிருந்தது, 2023 மே முதல் அது தேவையில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கதவோ சன்னலோ படத்தில் விழக் கூடாது. தரைவீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு சொல்: கூரைக்கு வெளியே கேபிள் போகிறதென்றால் நிலத்தொடர்புள்ள மின்னெழுச்சித் தடுப்பானை வையுங்கள். இடிமின்னல் மிகுந்த ஊர் இது. நேரடியாக விழ வேண்டியதில்லை. அருகில் விழும் மின்னலே நீண்ட கேபிளில் பாய்ந்து சுவிட்சைத் தீர்த்துவிடும்.

குத்தகையாளரிடம் என்ன சொல்வது? அந்த நான்கு இடத்து பிளக் பாயின்ட்டுகளையும் நீக்கச் சொல்லுங்கள். டிபி அலமாரிக்குள் மட்டும் இரட்டை 13 ஆம்பியர் பாயின்ட் ஒன்று வேண்டும். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். அந்த வேலையில் நீங்களோ நண்பரோ கைவைக்கக் கூடாது. டேட்டா கேபிளை 230 வோல்ட் கம்பியோடு ஒரே குழாயில் இழுக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். கேபிள் பெட்டியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இரு முனையிலும் அறையின் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். பொய்க்கூரையை மூடும் முன் சுவிட்சை எடுத்துப் போய் ஆக்சஸ் பாயின்ட்டையும் கேமராவையும் அந்தந்த முனையில் மாட்டி, விளக்கு எரிகிறதா, கிகாபிட் வேகம் வருகிறதா என்று பாருங்கள். எட்டுக் கம்பியில் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் மின்சாரம் வரலாம், ஆனால் வேகம் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். அப்படி நின்றால் மூடவிடாதீர்கள். சரிசெய்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.